நெஞ்சுப் படத்தில் வளைந்த நிழல்

எழுபதுகளின் நடுவில், என் ஒன்பதாவது வயதில், எனக்குக் கசநோய் என்று கிண்ணியாவில் எங்கள் தெரு முழுவதும் முடிவாகிவிட்டது. ஓடினால் மூச்சு வாங்கும். மாரி தொடங்கினால் சளி நெஞ்சைவிட்டு இறங்காது. எக்ஸ்ரே படத்தில் வலது பக்கம் ஒரு நிழலும் இருந்தது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? தங்கச்சியை மாமி வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு ஒரு வருடம் ஊசியும் மாத்திரையும் நடந்தன. அதனால் வந்த ஒரே பலன், ஊசி போடும் நேர்ஸின் செருப்புச் சத்தத்தைத் தூரத்திலேயே அடையாளம் காணும் திறமைதான்.

உம்மா மட்டும் நம்பவில்லை. "மருந்து கேக்கல்லயே. அப்ப இது கசமில்ல, வேறென்னவோ இரிக்கி" என்பார். சும்மா இருக்கச் சொன்னார் வாப்பா. உம்மாவுக்கு அது ஏலவில்லை. திருகோணமலைக்குப் புது டொக்டர் வந்திருக்கிறாராம் என்று கேள்விப்பட்டதும், பழைய படத்தையும் என்னையும் எடுத்துக்கொண்டு படகேறினார்.

டொக்டர் இன்னொரு படம் எடுப்பித்து, இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி நெடுநேரம் பார்த்தார். இரண்டிலும் அதே நிழல், இதயத்தின் ஓரமாக வளைந்து இறங்கியது.

"ஒரு வருசமா இது கொஞ்சமும் மாறேல்லை, அம்மா. கசம் எண்டால் கூடியிருக்கும், இல்லாட்டிக் குறைஞ்சிருக்கும். இது பிறவியிலயே உள்ளது. நுரையீரல்ல இருந்து இதயத்தின்ர இடப்பக்கம் போகவேண்டிய ரத்தக்குழாய், வழி மாறி வயித்துப் பக்கம் இறங்குது போல. கொழும்பில சாயம் செலுத்திப் படம் எடுத்தால்தான் உறுதியாச் சொல்லலாம். அதில ஆபத்தும் இருக்கு."

"தெரியாம இரிக்கிறதுலயும் ஆபத்து இரிக்கிதானே டொக்டர்" என்றார் உம்மா.

இந்தமுறை வாப்பாவும் பையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு கொழும்பு ரயிலேறினார்.

அங்கே தொடை வழியாக மெல்லிய குழாயொன்றை இதயம்வரை செலுத்திச் சாயம் பாய்ச்சினார்கள். நான் கண் விழித்தபோது தொண்டை வறண்டு கிடந்தது. காலை அசைக்கக் கூடாதாம். கட்டிலருகே கதிரையில் உம்மா, பட்டப்பகலில், வாய் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். எத்தனை தரம் கூப்பிட்டும் அசையவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"நான் சாகக் கெடக்கன், உம்மா நித்திர கொள்றா!" என்று வாப்பாவிடம் முறையிட்டேன்.

வாப்பா உதட்டில் விரலை வைத்தார். "எழுப்பாதீங்க, மகள்" என்று சொல்லித் தண்ணீர் பருக்கினார்.

குழாய் வழி மாறியிருப்பது உண்மைதான், ஆனால் அதில் போவது கொஞ்ச ரத்தம், வெட்டத் தேவையில்லை, வருடாவருடம் படம் எடுத்துப் பார்த்தால் போதும் என்று டொக்டர்மார் சற்றுமுன்தான் சொல்லிப் போயிருந்தார்கள். அதைக் கேட்டு அந்தக் கதிரையில் உட்கார்ந்தவர், ஒரு வருடத்துக்குப் பிறகு முதன்முதலாக நிம்மதியாக உறங்கினார் என்பது எனக்கு எங்கே தெரியும்? அன்று மாலைவரை நான் உம்மாவோடு கதைக்கவில்லை.