கப்பல்துறையில் கை ஆட்டக் கூடாதாம்

கப்பல் ஏறும் துறையின் காத்திருப்புக் கூடத்தில் சுவரளவு திரை ஒன்றை வைத்தோம். தீவுகளின் வரைபடம், கப்பல் நேரம் எல்லாம் அதில் தெரியும். விரலால் தொட்டாலும் நகரும், எட்ட நின்று காற்றில் கையை வீசினாலும் நகரும். கையில் மூட்டை முடிச்சோடு வருகிறவர்களுக்குத் தோதாக இருக்கட்டும் என்று நான்தான் அப்படிச் செய்தேன். எனக்கு ஒப்பந்த வேலை. திரை நிலைத்தால்தான் வேலையும் நிலைக்கும்.

முதல் நாளே மானம் போனது. திரைக்குப் பக்கத்தில்தான் கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவர். ஹட் பே தீவுக்குப் போகும் கப்பல் சங்கு ஊதியதும் கூடத்திலிருந்த அத்தனை பேரும் அதன் வழியாகக் கை ஆட்டினார்கள். எங்கள் ஊரில் கப்பல் கரை முனையைத் திரும்பி மறைகிற வரை யாரும் கையை இறக்க மாட்டார்கள். திரையில் தீவுகள் பேய் பிடித்தாற்போல் சுற்றின.

"அரே மேடம், மெஷின் பாகல் ஹோ கயா!" என்று காவலாளி சிரித்தார். மெஷினுக்கா பைத்தியம், எனக்குத்தான் பிடிக்கும் போலிருந்தது. வந்த கோபத்தில் 'இங்கே கை ஆட்டாதீர்கள்' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டினேன்.

ஹட் பேயிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த அம்மா அதைப் படித்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். "அடியே, கப்பல்ல போற சனத்துக்குக் காட்டாம வேற எதுக்குடி கை? அடுத்த வாரம் நான் போறப்ப நீ மரம் மாதிரி நிப்பியா?"

அடுத்த வாரம்தான் மெயின்லேண்டிலிருந்து அதிகாரி வருவதாகவும் இருந்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால் திரையைக் கழற்றி அனுப்பிவிடுவார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அம்மா என்னை அபர்டீன் பஜாருக்கு மீன் வாங்க இழுத்துப் போனாள். கடையைச் சுற்றிப் பத்துக் கைகள் ஆடின. மீன்காரர் ஒன்றையும் கண்டுகொள்ளவில்லை. அம்மா இடது விரலை ஒரு பாறை மீன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, துண்டு எவ்வளவு கனமாக வேண்டும் என்று வலது கையால் காற்றில் வெட்டிக் காட்டினாள். "பாய், இத்னா மோட்டா!" அவர் உடனே கத்தியை எடுத்தார்.

அட, இவ்வளவுதானே! தொட்டுக்கொண்டிருக்கிறவரின் மறு கையை மட்டும் திரை பார்த்தால் போதும். மற்ற கைகள் எப்படியும் ஆடிவிட்டுப் போகட்டும். மூட்டையோடு வருகிறவர்கள் அதைக் கொஞ்சம் கீழே வைத்தால் ஆயிற்று. மூன்று நாள் உட்கார்ந்து மாற்றினேன். ஒட்டிய தாளையும் கிழித்தெறிந்தேன்.

அதிகாரி வந்த அன்றே அம்மாவுக்கும் கப்பல். இடது விரலை ஹட் பே மேல் வைத்து, வலது கையைக் காற்றில் இழுத்தேன். தீவு பெரிதாகி வந்து நின்றது.

"கூட்டத்துல சரியா வருமாம்மா?" என்றார் அதிகாரி, நம்பாமல்.

சங்கு ஊதியது. கூடமே கையைத் தூக்கியது. கப்பலின் மேல்தளத்தில் அம்மா, மஞ்சள் சேலையில், கண்ணாடிப் பக்கம் என்னைத் தேடிக் கை ஆட்டிக்கொண்டிருந்தாள். விரலை வைத்துக்கொண்டே ஆட்டினால் வரைபடம் பறந்துவிடும். விரலை எடுத்தாலோ, இத்தனை கைகளுக்கு நடுவே திரை என்ன செய்யுமென்று எனக்கே நிச்சயமில்லை. அதிகாரி கண்ணை எடுக்கவில்லை. நாசமாய்ப் போகட்டும் வேலை!

"சார், அது எங்கம்மா" என்று விரலை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அம்மா என்னைக் கண்டுகொண்டாள். எனக்குச் சிரிப்பும் கண்ணீருமாக வந்தது.

திரும்பிப் பார்த்தேன். திரையில் ஹட் பே இம்மியும் அசையவில்லை. அதிகாரி திரையைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார்.

"இது இங்கயே இருக்கட்டும்" என்றவர், அம்மாவுக்குத் தானும் கை ஆட்ட ஆரம்பித்தார். கப்பல் முனை திரும்பும் வரை இறக்கவில்லை.