சொந்தக் கட்சியைக் கேள்வி கேட்ட என் மகள்

இன்று காலை லேக் மார்க்கெட்டில் காப்பிக்கொட்டை அரைபடக் காத்திருந்தேன். பக்கத்து ஃபிளாட் வங்காளிக்காரர் முகர்ஜிதா பிடித்துக்கொண்டார்.

"என்ன மாஸ்டர்மோஷாய், உங்க பொண்ணு இருக்கிற கனடாவிலயும் ஊழலாமே!"

"ஊழல் எங்கதான் இல்லே தாதா? அவ என்ன செஞ்சா, அதைக் கேளுங்க."

தேர்தலில் ஒரு வேட்பாளருக்காகப் பனியில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் என் மகள். ஜெயித்து எம்.பி. ஆனவர், ஒரு கம்பெனி செலவில் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போனதை மறைத்திருக்கிறார்.

"நமக்கெதுக்கும்மா வம்பு?" என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. அவர் நடத்திய கூட்டத்திலேயே எழுந்து, "உங்களுக்காக ஓட்டுக் கேட்டவள் நான். அந்த வீடுகளுக்கு இப்போ என்ன பதில் சொல்ல?" என்று கேட்டுவிட்டாள்.

கட்சி நண்பர்கள் இப்போது அவளோடு பேசுவதில்லை.

"சொந்தக் கட்சியையேவா!" முகர்ஜிதா வாயைப் பிளந்தார்.

பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும்போது தன் சிநேகிதன் பெயரையும் எழுதுகிறவன்தான் லீடர் என்று முப்பது வருடம் வகுப்பில் சொன்னேன். என் மகள் எழுதிவிட்டாள். பெருமையாக இருக்கிறது.

"அப்போ மூணு மாசமா ஓடாத லிஃப்டைப் பத்தி ஞாயித்துக்கிழமை நம்ம ஃபிளாட் மீட்டிங்ல செக்ரட்டரியை நீங்கதான் கேக்கணும்," என்றார் முகர்ஜிதா.

செக்ரட்டரி தினமும் என்னோடு வாக்கிங் வருகிறவர்.

நீங்களாக இருந்தால் கேட்பீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.