பின் சீட்டுக்காக நாமக்கல் வரை

சனிக்கிழமை காலை 6.10. சூரமங்கலத்தில் வீட்டு வாசலிலிருந்து பைக்கில் கிளம்பினேன். நாமக்கல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே ஓர் உறைவிடப் பள்ளியில் என் மனைவி பர்வீன் கணக்கு டீச்சர், தங்குவதும் அங்கேயே. அவள் கேட்ட மிக்சி, போர்வை, புத்தகங்கள் எல்லாம் பின் சீட்டின் மேல் மாட்டிய புது ராக்கில் ஏறியிருந்தன. 3,800 ரூபாய் ராக். நான்கு பூட்டுப் பின்களை இழுத்தால் ஒரு நிமிடத்தில் தனியே வந்துவிடும். மூட்டையை இறக்கி, ராக்கைக் கழற்றி, அவளை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை போவதாகத் திட்டம். போன இரண்டு தடவையும் பின் சீட்டில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நண்பர்களோடு நான் மட்டும் போய்வந்திருந்தேன். “இந்தத் தடவையும் பின்னாடி மூட்டைதான்னா, இனிமே என்னைக் கூப்பிடவே வேணாங்க” என்று போனில் சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பயமில்லை. நிதானமாகச் சொன்னாள்.

ராக்கை முந்தின நாள் நானேதான் மாட்டினேன். முடித்தபோது நான்கு வாஷர் மிச்சம். கம்பெனிக்காரன் தாராளமாகக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்த புத்திசாலி நான்.

7.05. ராசிபுரம் பிரிவு தாண்டியதும் ராக் தடதடவென்று ஆட ஆரம்பித்தது. நாமக்கல்லுக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நிறுத்தினேன். வெல்டர் சுப்பிரமணிக்கு ஐம்பது வயதிருக்கும். மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு ராக்கை ஒரு கையால் உலுக்கிப் பார்த்தார்.

“போயி டீ குடிச்சுட்டு வாங்க பாய். ஆடாம பண்ணிப்போடலாம்.”

டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். நான்கு பின்களையும் சேர்த்து வெல்டு வைத்து முடித்திருந்தார்.

“இனி வண்டியே கவுந்தாலும் ராக்கு கழலாதுங்க.”

“யா அல்லாஹ்! இது கழலுறதுக்குன்னே செஞ்ச ராக்குங்க!” என்று கத்திவிட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. லாரியில் எது ஆடினாலும் வெல்டு வைப்பதுதான் வழக்கம். கழல வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம்.

“ஏனுங்க, கழட்டி என்ன பண்றீங்க?”

“எங்க வீட்டம்மா உக்காரணும். கொல்லிமலை போறோம்.”

அவர் முகமே மாறிவிட்டது. “அதய மொதல்லயே சொல்லோணுமில்லீங்க! அவீங்க உக்கார்ற எடத்தையா அடைச்சுப்போட்டேன்?”

டாங்கின் மேல் ஈரச்சாக்கைப் போட்டு, கட்டிங் மெஷினை எடுத்தார். ராக் நான்கு துண்டாக வந்தது. 3,800 ரூபாய் போனது; ஆனால் சீட் தப்பியது. கூலி வாங்க மறுத்துவிட்டார். புதிதாக பாடி கட்டி முடித்த லாரி ஒன்று பள்ளி வழியாகப் போகவிருந்தது. மூட்டைகளை அதில் ஏற்றினார்.

“கேட்டுல எறக்கிப்போடுவாங்க. டிரைவர் சாப்புட்டுட்டு வந்துருவாரு, நீங்க முன்னாடி போங்க.”

8.20. பள்ளி கேட்டில் பர்வீன் நின்றிருந்தாள். கையில் புது ஹெல்மெட். தானே போய் வாங்கியிருக்கிறாள். அவள் காலி சீட்டையே பார்த்தாள்.

“மிக்சி எங்கங்க?”

“லாரில வருது. இறக்கி வச்சுட்டுப் போயிடலாம்.”

ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“வாட்ச்மேன் எறக்கி வச்சுக்குவாரு. அது வர்றதுக்குள்ள கெளம்புங்க.”