மேகம் கூடினால் மீட்டிங்

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வேலையில் சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் வீடு தேடி வரும். தாயில்பட்டிப் பக்கத்துச் சின்ன ஊரில் அந்த வேலையில் மாட்டிக்கொண்டவள் நான். என்னைப் போல மாட்டிக்கொண்டு முழிக்கும் தலைவர்களே, உங்களுக்குத்தான் இது.

காலி நாற்காலிகள்

எங்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க வெம்பக்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டும் என்பதால், பெண்பிள்ளைகள் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிவிடுவார்கள். பள்ளியைத் தரம் உயர்த்தப் பெற்றோர் கூடிக் கேட்க வேண்டும் என்றார் கல்வி அதிகாரி. வீடு வீடாகச் சொல்லிக் கூட்டம் போட்டேன். நானும் தலைமையாசிரியையும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வந்த கோபத்தில் பக்கத்துத் தெரு மாரியம்மாளைப் பிடித்துக் கேட்டேன். அவள் மகள் செல்வி அப்போது எட்டாம் வகுப்பு. மாரியம்மாள் என்னைவிடச் சத்தமாகச் சொன்னாள்: "சீசன் நேரத்துல இம்புட்டு வெயிலு அடிக்கும்போது, வெடியக் காயப்போடுவோமா, ஒங்க மீட்டிங்குக்கு வருவோமா மதினி?"

கொட்டியது மழை

வெயில் இல்லாவிட்டால் கம்பெனியில் வேலை கிடையாது! இது ஏன் எனக்கு முதலிலேயே உறைக்கவில்லை? அன்றிலிருந்து காலண்டரை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தேன். ஒரு காலையில் கறுகறுவென்று மேகம் கூடிக் கொட்டித் தீர்த்தது. அதிகாரிக்குப் போன் போட்டுவிட்டு, குடையைக்கூட மறந்து தெருத் தெருவாக ஓடினேன். வகுப்பறை கொள்ளாத கூட்டம்! ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

தொப்பலாக நனைந்து வந்த அதிகாரி, "ஒன்பதாம் வகுப்பு வந்தால் பெண்பிள்ளைகளை அனுப்புவீர்களா?" என்று கேட்டார். மாரியம்மாள் எழுந்தாள்: "பஸ்ஸுல ஏத்திவிட்டா வந்து சேருற வரைக்கும் வயித்துல நெருப்பு சார். இங்கனன்னா நானே கூட்டியாந்து விடுவேன்."

ஒன்பதாம் வகுப்பின் முதல் நாள்

உத்தரவு வந்தேவிட்டது! ஆனால் சொன்னபடி அனுப்புவார்களா? பள்ளி திறந்த அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி வேன் வந்து நின்றது. மாரியம்மாள் தூக்குச்சட்டியோடு அதில் ஏறினாள். கூட வந்த செல்வி பையைத் தூக்கிக்கொண்டு, என்னைத் தாண்டிப் பள்ளிக்குள் ஓடினாள். அவள் பின்னாலேயே இன்னும் நாலைந்து பெண்கள்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வேன் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தான். ஜன்னலோரம் இருந்த மாரியம்மாள் கத்தினாள்: "ஏலே, யாருக்குலே ஆரன் அடிக்க? அவளுக இனி பள்ளிக்கூட மணிக்குத்தான் வருவாளுக, வண்டிய எடுலே!"

அன்று காலைவரை இந்தப் பதவியை யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்றிருந்தேன். இனி அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை யார் வந்து கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.