எழுபத்தொரு விரிப்புகள்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளைச் சலவைக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். டாக்டரிலிருந்து கேட்டில் நிற்கிறவர் வரைக்கும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷமாகக் கீழ்த்தளத்துச் சலவை அறையில் வேலை. ஒரு வெந்நீர்த் தொட்டி, இரண்டு மெஷின், வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு ஜன்னல். மேலே போன விரிப்பு எத்தனை, இறங்கி வந்தது எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். கடவுள் சிலருக்குக் குரலைக் கொடுக்கிறார், சிலருக்குப் படிப்பைக் கொடுக்கிறார். அவளுக்கு அந்த ஞாபகத்தைக் கொடுத்திருந்தார்.

நோய் பரவிய மாசங்களில் ஒரு புது விதி வந்தது. நோய் வார்டில் யாராவது இறந்தால், படுத்திருந்த விரிப்போடு சுற்றிப் பையில் போட்டுக் கட்டி அனுப்பிவிட வேண்டும். அந்த விரிப்பு திரும்பாது. மற்ற வியாதிகளில் இறந்தவர்களின் விரிப்பு வழக்கம்போலச் சலவைக்கு வந்துவிடும். ஆகவே காலையில் மூட்டையைப் பிரித்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். மூன்று குறைந்தால் மூன்று பேர். சொந்தபந்தங்களை உள்ளே விடாத காலம் அது. அழுவதற்கு ஆளில்லாமல் போகிறார்களே என்று, குறைந்த ஒவ்வொன்றுக்கும் தொட்டியோரம் நின்று ஒரு பிரார்த்தனை சொல்லிவிட்டுத்தான் மெஷினைப் போடுவாள்.

பிறகு ஊரடங்கைத் தளர்த்தினார்கள். கடைகள் திறந்தன. ஆஸ்பத்திரி வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு படம் ஒட்டினார்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் லட்சம் பேருக்கு எத்தனை சாவு என்று தூண் தூணாக வரைந்த படம். நம் மாநிலத்துத் தூண் முழங்கால் உயரம். பக்கத்து மாநிலத்துத் தூண் கழுத்துக்கு மேலே. போகிறவர் வருகிறவர் எல்லாம் பரீட்சையில் பிள்ளை முதலாவதாக வந்த மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் ஸ்டோர்கீப்பர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"சலவைக்கா, நூத்துப் பன்னெண்டு பெட்ஷீட் குறையுது. நோயில செத்தது நாப்பத்தொண்ணு. அதைக் கழிச்சாச்சு. மிச்சம் எழுபத்தொண்ணு எங்க?"

"போனவங்களோட போச்சு சார்."

"அதான் நாப்பத்தொண்ணைக் கழிச்சுட்டேன்னு சொல்றேனே."

"செத்தது நூத்துப் பன்னெண்டு சார்."

அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "மெதுவாப் பேசுங்க. மத்தவங்களுக்கெல்லாம் நெஞ்சுவலி, சுகர், கிட்னி. பேப்பர்ல அப்படித்தான் இருக்கு."

"நெஞ்சுவலின்னா பெட்ஷீட் துவைக்க வந்திருக்கணுமே. வார்டுல சுத்திக் கட்டி அனுப்பினது யாரு, அந்த நெஞ்சுவலியா?"

பக்கத்தில் சாவிக்காக நின்றிருந்த ஆம்புலன்ஸ் டிரைவர் சிரிப்பை அடக்க இருமினார்.

ஸ்டோர்கீப்பர் ஒரு தாளை நீட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தாள். துவைக்கும்போது கிழிந்து வீணானவை எழுபத்தொன்று.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒரு கையெழுத்து. இல்லேன்னா திருட்டுன்னு ஆயிடும். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம்தானே?"

"எழுபத்தொண்ணு கிழிக்கிறதுக்கு நான் சலவைக்காரியா சார், எலியா?"

"நீங்க சொல்றபடி எழுதினா வாசல்ல இருக்கிற தூண் வளர்ந்துடும். பக்கத்து மாநிலத்துக்காரன் சிரிப்பான்."

"அவங்க ஏன் சார் சிரிக்கப்போறாங்க? அங்கயும் எழவு, இங்கயும் எழவு. ரெண்டு எழவு வீடு உக்காந்துக்கிட்டு, எங்க வீட்ல கம்மின்னு போட்டி போட்டுக்குமா?"

"நாளைக்குக் காலைல கையெழுத்து வேணும்" என்று அவர் பேச்சை முடித்தார்.

டிரைவர் படிக்கட்டு வரை பின்னாலேயே வந்தார். "போட்டுட்டுப் போயேங்கா. தாள்தானே."

"நீ எத்தனை பேரைத் தம்பி ஏத்திக்கிட்டுப் போனே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நூத்துப் பன்னெண்டு."

"அதை அங்கயே சொல்லியிருக்கலாமே."

"எனக்குப் பிள்ளைகுட்டி இருக்குக்கா."

அவள் அவரைத் திட்டவில்லை. பயப்படுவது பாவமில்லை. ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொருவரையும் மனுஷர் என்று கடவுளிடம் சொல்லி அனுப்பியாயிற்று. இப்போது அதே கையால், அவர்கள் கிழிந்த துணி என்று எழுதிக் கொடுப்பதா?

மறுநாள் காலை, விரிப்புகளில் ஆஸ்பத்திரி அடையாளம் எழுதும் மைக்குப்பியையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஏறினாள். நம் மாநிலத்துக் குட்டைத் தூணின் தலைக்கு மேல், இந்த ஆஸ்பத்திரியில் மட்டும் இன்னும் 71 பேர் என்று எழுதினாள்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. முகக்கவசம் போட்ட ஒரு பெண் முன்னால் வந்தாள். "அக்கா, எங்க அண்ணனுக்கு நெஞ்சுவலின்னு எழுதிக் குடுத்தாங்க. அவரும் இதுல இருக்காரா?"

"பையில கட்டித்தான் அனுப்பினாங்களா?"

"ஆமாக்கா. மூஞ்சியக்கூடக் காட்டல."

"அப்ப இருக்காரு தங்கச்சி."

அந்தப் பெண் அந்த எண்ணின் மேல் கையை வைத்தாள். மை காயவில்லை, விரலெல்லாம் ஒட்டியது. கையை எடுக்கவே இல்லை.

ஸ்டோர்கீப்பர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யாரு எழுதினது இதை? துடைங்க முதல்ல!"

"வெந்நீர்ல நூறு தடவை போட்டாலும் போகாத மை சார் இது" என்றாள் சலவைக்கா. பிறகு குனிந்து, எண்ணுக்குக் கீழே தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதி முடித்தாள்.

"கையெழுத்துக் கேட்டீங்களே, போட்டாச்சு."