ஹேண்ட்பேக்கில் வந்த பிள்ளையார்

விமான நிலையத்தில் ஸ்கேனர் பெல்ட் நின்றது. அதிகாரி ஒரு ஹேண்ட்பேக்கைத் தனியாக எடுத்து வைத்தார். அது எங்கள் குழுவில் வந்திருந்த, சிம்பாங் அம்பாட் ஊர்த் தனலெட்சுமி அக்காவின் பை.

ஊரில் சூலியா தெருவில் எங்கள் டிராவல்ஸ். நான் டூர் லீடர். துருக்கியில் தெனிஸ்லி என்ற ஊருக்குப் பல குழுக்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். அந்த ஊருக்காக யாரும் வருவதில்லை. சுற்றியிருக்கும் பழைய நகரங்களுக்காகத்தான் வருகிறார்கள். பமுக்கலேயில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பாறையில் ஏறுவோம். மேலே ஹியராபோலிஸின் கல் அரங்கம். மறுநாள் லவோதிக்கேயாவின் தூண்களும் தெருக்களும். அங்கே தரையில் கிடக்கும் ஓட்டுச் சில்லைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்தால் போலீஸ், வழக்கு. பஸ்ஸில் இதைச் சொல்லிச் சொல்லி உள்ளூர் கைடு எம்ரேவுக்கும் எனக்கும் தொண்டை வறண்டிருந்தது.

அதிகாரி பையைத் திறந்தார். சிவப்புப் பட்டுத்துணிக்குள் உள்ளங்கை அளவு கருங்கல். யானைத் தலை மாதிரி ஒரு வடிவம், எண்ணெய்ப் பளபளப்பு, இடுக்குகளில் சிவப்பும் மஞ்சளும். பழைய சிலைகளில் ஒட்டியிருக்கும் சாயம் என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.

"அக்கா, எங்கேருந்து எடுத்தீங்க?"

"எடுக்கலம்மா. நம்ம புள்ளையாரு. வீட்லேருந்துதான் கொண்டாந்தேன்."

"சாமியவா? டூருக்கா?"

"அவரு போனப்புறம் வீட்ல நான் ஒருத்திதான். நானும் இங்க வந்துட்டா யாரு வெளக்கேத்துவா? பட்டினி போட்டுட்டு வர சொல்றியா? சொன்னா நீ ஏசுவேன்னுதான் சொல்லல."

ஏசித்தான் இருப்பேன். அது வேறு கதை.

"சாமி மேடையில இருக்கிற மாதிரி ஒரு போட்டோ காட்டுங்க, போதும்."

"மூலவர யாராச்சும் போட்டோ எடுப்பாங்களா? எங்க வீட்ல எடுக்க மாட்டோம்."

எம்ரே அதிகாரியிடம் பேசிவிட்டு வந்தார். வழி இரண்டு. கல்லை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் அக்கா இப்போதே எங்களோடு இஸ்தான்புல் ஃப்ளைட்டில் ஏறலாம். இல்லையென்றால் மியூசியத்திலிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் பழைய பொருள் என்று சொல்லிவிட்டால் அக்கா ஊர் திரும்புவதே சிக்கல்.

குழுவில் சிவபாதம் என்றொருவர், ஓய்வு பெற்ற தலைமை கிளார்க். "ஒரு கல்லுக்காக எல்லாரையும் நிப்பாட்டுறதா? விட்டுட்டு வாங்க லா! ஊர்ல வேற கல்லா இல்ல?" என்றார்.

அக்கா திரும்பினார். "ரெண்டு நாளா காசு கட்டி எதைப் பார்த்தீங்க? கல்லுதானே?"

சிவபாதம் தன் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழுவை எம்ரேயோடு அனுப்பிவிட்டு அக்காவோடு தங்கினேன்.

மியூசியத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கையுறை போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து, லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். அக்கா என் கையை இறுகப் பிடித்திருந்தார். கடைசியில் அந்தப் பெண் இடுக்கில் இருந்த சிவப்பை முகர்ந்து பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "இது ஆற்றில் உருண்ட கிரானைட். உளியே படவில்லை. இந்தப் பொடியும் புதுசு. எங்கே கிடைத்தது?"

அக்காவிடம் கேட்டேன். "கல்யாணமான புதுசுல நம்ம ஊரு ஆயர் ஈத்தாம் ஆத்துல அவருதான் எடுத்தாரு. பாத்தவுடனே, 'தனம், புள்ளையாரு'ன்னாரு."

மொழிபெயர்த்தேன். அந்தப் பெண், அதிகாரியிடம் துருக்கி மொழியில் ஏதோ சொல்லிவிட்டு, கல்லைப் பட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மாலை ஃப்ளைட்டில் போய்க் குழுவோடு சேர்ந்தோம்.

அதிலிருந்து, பயணத்துக்கு முன் நான் நடத்தும் ப்ரீஃபிங்கில் ஒரு கேள்வி கூடியிருக்கிறது. பாஸ்போர்ட், மருந்து, குளிருக்கு ஜாக்கெட் எல்லாம் சொல்லி முடித்ததும், "யாராவது வீட்டுச் சாமியைக் கூட்டிக்கிட்டு வர்றீங்களா? மறைக்காம சொல்லுங்க, நான் ஏச மாட்டேன்" என்கிறேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஒருவரும் கை தூக்க மாட்டார்கள்.

கூட்டம் கலைந்து நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, கதவருகே யாராவது ஒருவர் போகாமல் நிற்பார்.