இரண்டு பக்கமும் சேராத யோகராணி

எண்பத்து நான்காம் ஆண்டில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து மாசி என்ற புறநகரில் குடியேறிய யோகராணி, ஒரு மருத்துவமனைச் சமையலறையில் மாலை ஷிஃப்ட் வேலை பார்த்தாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டால் பதில் வரும்வரை விடவும் மாட்டாள்.

அங்கிருந்த தமிழர் சங்கம் அப்போது சின்னது. ஆனாலும் அதற்குள் அணி இரண்டு. படித்த பள்ளிக்கூடம், பிறந்த ஊர் என்று பிரிந்து பாதிப்பேர் இராசநாயகத்தின் பின்னால் நின்றார்கள். பாதிப்பேர் நவரத்தினத்தின் பின்னால். ஆள்பலம் ஏறக்குறையச் சமம் என்பதால், எதிலும் சேராத சிலர் சாய்கிற பக்கத்துக்கே தலைவர் பதவி போனது. மலேசியாவிலிருந்து வந்த ஓரிரு குடும்பங்கள், பக்கத்துப் புறநகரான கிளென் ஈடனில் இருந்த பிஜிக்காரர் முன்சாமி, தனியாக வந்த சில இளைஞர்கள். தேர்தல் நெருங்கினால் இவர்கள் வீட்டு வாசலில்தான் கார்கள் நிற்கும்.

யோகராணியைத் தேடி யாரும் வரவில்லை. அவள் கணவர் ஆனந்தராசா இராசநாயகத்தின் வலக்கை. ஆகவே அவள் வாக்கும் அந்தப் பக்கம்தான் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள்.

அவளுக்கோ ஒரு குறை இருந்தது. சங்கக் கூட்டங்கள் வெள்ளி மாலையில் நடந்தன. ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பெண்கள் ஒருத்தரும் வர முடியாது. எண்பத்தாறாம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் இரண்டு பேருக்கும் தொலைபேசியில் அதைச் சொன்னாள். தான் ஆனந்தராசாவோடு கதைப்பதாக இராசநாயகம் சொன்னார். நவரத்தினம் சற்று யோசித்தார்.

"ஞாயிறு மத்தியானம் வைச்சுப் பார்ப்பம், தங்கச்சி. நீங்கள் வருவியளோ?"

"ஓம், வருவன்."

மிகச் சில வாக்குகளில் நவரத்தினம் வென்றார். வீடு திரும்பும்போது, முன்சாமிதான் காலை வாரிவிட்டார் என்று ஆனந்தராசா காருக்குள் ஏசிக்கொண்டே வந்தார்.

"அந்த மனிசனை ஏசாதேங்கோ," என்றாள் யோகராணி. "நான் நவரத்தினத்தாருக்குத்தான் போட்டனான்."

 வீட்டுக்கு வந்து தேநீருக்குக் கேத்தலை வைத்துவிட்டுத்தான் ஆனந்தராசா கேட்டார்.

"முந்தியே எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கேட்கேல்லையே."

அவருக்கு அது சுட்டது.  சில நாளில் தானாகவே ஆறிவிட்டார்.

நவரத்தினம் சில மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வைத்தார். பிறகு மெல்ல வெள்ளிக்கே திரும்பினார். யோகராணி காரணம் கேட்டபோது, "நீங்கள் எங்கட ஆள்தானே, கொஞ்சம் பொறுங்கோ," என்று சிரித்தார். அந்தச் சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒருமுறை வாக்குப் போட்டதற்காக ஆயுளுக்கும் எழுதிக்கொடுத்ததாக நினைக்கிறாரே என்று மனம் கசந்தது.

அடுத்த தேர்தலுக்கு முன் ஒரு காலை தொலைபேசி மணி அடித்தது. எடுத்த ஆனந்தராசா ஒரு கணம் தயங்கி, ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

"இராசநாயகம் அண்ணை. உம்மோடதான் கதைக்கவேணுமாம்."

அந்த முறை அவள் இராசநாயகத்துக்குப் போட்டாள். வேலைசெய்யும் வேறு பெண்கள் சிலரும் அப்படியே போட்டார்கள். அவர் வென்றார்; கூட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறி அங்கேயே நிலைத்தது. நிர்வாகக் குழுவில் சேரும்படி அவர் அவளைக் கேட்டார். அவள் மறுத்துவிட்டாள்.

"நான் வெளியில நிண்டால்தான், அண்ணை, நீங்கள் ரெண்டு பேரும் எனக்குப் போன் எடுப்பியள்."